பறவை ஆற்றுப் பிள்ளைகள்

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமை, ஒழுக்கத்தின் உயர்வு என்று பேசுவது வழக்கம். அவற்றைப் பேச நமக்குத் தலைமையாசிரியர் இருக்கிறார். எனக்குக் கொடுத்த தலைப்பு 'கொக்கு'. சிரிக்காதீர்கள். தலைப்பைக் கொடுத்ததே நீங்கள்தான். போன மாதம் நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பள்ளித் திடலை ஒட்டிய மூன்று தூங்குமூஞ்சி மரங்களையும் வெட்டிவிட வேண்டும் என்று ஒரு கருத்து வந்தது. மரத்தில் பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன, எச்சம் விழுகிறது, மீன் நாற்றம் அடிக்கிறது, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை பாழாகிறது என்றார்கள். அத்தனையும் உண்மை. முடிவு எடுப்பதற்கு முன் இந்தப் பறவைகளைப் பற்றி யாராவது நாலு வார்த்தை சொல்லட்டும் என்று தலைவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

நான் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு வந்த ஒரு தோட்டப் பள்ளி வாத்தியார். ஆனால் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன். கண்ணால் கண்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். கேட்ட பிறகு மரத்தைப் பற்றி நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் நம் ஊரின் பெயரைப் பாருங்கள். சுங்கை என்றால் ஆறு. புரோங் என்றால் பறவை. இது பறவை ஆறு. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் இங்கே எதை அதிகமாகக் கண்டார்களோ அதையே வைத்தார்கள். ஆகவே, நாம் எல்லாரும் பறவை ஆற்றுப் பிள்ளைகள்.

இங்கே இவ்வளவு பறவைகள் ஏன் வருகின்றன? தண்ணீர்தான் காரணம். 1930களில் தஞ்சோங் காராங் நெல் நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியது. பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி, தெங்கி ஆற்றில் விட்டு, அங்கிருந்து பெரிய கால்வாய் வழியாக வயலுக்குக் கொண்டுவருகிறார்கள். சாவா செம்பாடான், சுங்கை புரோங், சிக்கிஞ்சான், சுங்கை லேமான், பாசிர் பாஞ்சாங் என்று வரிசையாக வயல். ஆண்டுக்கு இரண்டு போகம். வயலுக்கு மேற்கே கடலும் சேற்று நிலமும், பக்கத்தில் செம்பனை. சேறு, வயல், வாய்க்கால், செம்பனை என்று நான்கும் இத்தனை பக்கத்தில் அமைந்த இடம் பறவைக்குச் சொர்க்கம். சேற்றில் நண்டு, வயலில் தவளை, வாய்க்காலில் மீன், செம்பனையில் எலி. நாலு கடை ஒரே வரிசையில் இருந்தால் நாமே அங்கு குடிபோக மாட்டோமா?

இனி, யார் யார் என்று பார்ப்போம். நாம் எல்லாவற்றையும் கொக்கு என்று ஒரே பெயரில் கூப்பிட்டுவிடுகிறோம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், கொக்குக்கும் நாரைக்கும் எப்படி சார் வித்தியாசம் தெரியும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கொக்கும் வக்காவும் சாம்பல் நாரையும் ஒரு குடும்பம். இவை பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளுக்குள் வைத்துக்கொள்ளும். நத்தைகுத்தி நாரை வேறு குடும்பம். அது கழுத்தை நேரே நீட்டிக்கொண்டு பறக்கும். நாளைக் காலையில் பெரட்டுக்குப் போகும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். கழுத்து மடிந்திருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று பார்த்தாலே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

வயலில் டிராக்டர் ஓடும்போது பின்னாலேயே ஓடிவரும் சின்ன வெள்ளைக் கொக்கைப் பார்த்திருப்பீர்கள். அது உண்ணிக்கொக்கு. மாடு மேயும் இடத்தில் மாட்டின் காலடியைச் சுற்றியே நிற்கும். மாடு புல்லை மிதிக்கும்போது கிளம்புகிற வெட்டுக்கிளியையும் பூச்சியையும் பிடிக்கும். மாடு குறைந்து டிராக்டர் வந்ததும் அது டிராக்டரை மாடாக ஏற்றுக்கொண்டது. பிழைக்கத் தெரிந்த பறவை! இதன் இனம் ஆப்பிரிக்காவிலிருந்து தானாகவே கடல் தாண்டிப் பறந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் அமெரிக்காவை அடைந்தது. 1953இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கூடு கட்டியிருந்ததைக் கண்டார்கள். யாரும் டிக்கெட் எடுத்துக் கொடுக்கவில்லை. நம் வயலுக்கு வரும் உண்ணிக்கொக்கில் பெரும்பகுதி வடக்கே குளிர் தொடங்கும்போது வந்து, அது முடிந்ததும் திரும்பிவிடும். சேற்று நிலத்தில் ஓடி ஓடிக் கொத்தும் உள்ளான் இன்னும் தூரத்துப் பயணி. அதில் சில வகைகள் சைபீரியாவில் குஞ்சு பொரித்து, இந்தக் கரையில் இறங்கி இளைப்பாறி, ஆஸ்திரேலியா வரைக்கும் போகின்றன. இவற்றுக்காகவே 1987இல் குவாலா செலாங்கூரில் இயற்கைப் பூங்கா ஒன்றை மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் அமைத்தார்கள். புக்கிட் மெலாவத்தி குன்றின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. குரங்குக்குக் கடலை கொடுக்கப் போகிற நாம், பத்து நிமிடம் நடந்தால் பூங்காவையும் பார்த்துவிட்டு வரலாம்.

சிறுவயதில் வெள்ளைக் கொக்குக் கூட்டம் தலைக்கு மேல் போனால், பத்து விரலையும் ஆட்டிப் பூக் கேட்போம். நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கொக்கு பூப்போட்டுவிட்டது என்று குதிப்போம். இன்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன். நாலைந்து பேருக்குத்தான் தெரிந்திருந்தது. இருக்கட்டும், அந்த நாலைந்து பேர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நம் மரத்துக்கு வருவோம். அதில் கூடு கட்டியிருப்பது வெள்ளைக் கொக்கு இல்லை. அதன் பெயர் வக்கா. கறுப்புத் தலை, கறுப்பு முதுகு, சாம்பல் இறக்கை, சிவந்த கண், பின்தலையில் நீண்ட வெள்ளை இறகு. பொழுது சாயும்போது 'வக், வக்' என்று கத்திக்கொண்டு வாய்க்கால் பக்கம் போகுமே, அதுதான். பகலில் தூங்கும், இரவில் வேட்டையாடும். தூங்குமூஞ்சி மரத்துக்கு மலாய்க்காரர்கள் 'பூக்குல் லீமா' என்று ஒரு பெயர் சொல்வார்கள். மாலை ஐந்து மணி மரம் என்று பொருள். அந்நேரத்தில்தான் அது இலையை மூடும். மரம் தூங்கப் போகும் நேரத்தில் வக்கா எழுந்து வேலைக்குப் போகும். இரவு ஷிப்ட்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு பொரித்துவிட்டால் பாவம், பகலும் இல்லை, இரவும் இல்லை. தாயும் தகப்பனும் மாறி மாறி மீன் கொண்டுவர வேண்டும். மரத்தடியில் விழும் மீன் அந்த அவசரத்தில் விழுவதுதான். மரக்கிளையில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த பழுப்பு நிறப் பறவை ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்டு, வேறு பறவை வந்துவிட்டது என்று பிள்ளைகள் சொன்னார்கள். வேறு அல்ல, அது வக்காவின் இளம்பிள்ளை. கறுப்புச் சட்டை கிடைக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கீழே விழுந்த குஞ்சைச் சட்டைக்குள் மறைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தான். இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்கு ஒரு வழக்கம். பயந்தால், தின்றதையெல்லாம் வெளியே கக்கிவிடும். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பெருக்கல் வாய்பாட்டின் நடுவே வகுப்பு முழுதும் அழுகிய மீன் வாடை. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவன் அம்மா மறுநாள் என்னிடம், "வாத்தியாரே, மூணு தண்ணி மாத்தியும் நாத்தம் போகல" என்றார். ஏணி வைத்துக் குஞ்சைக் கூட்டில் விட்டோம். பிழைத்துக்கொண்டது. அந்தப் பையன் இன்று வக்காவுக்கு வழக்கறிஞன் ஆகிவிட்டான்.

இந்தப் பறவைகளால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் கேட்பார்கள்.

நெல்வயலில் தண்டிலும் வரப்பிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் முட்டைக் கொத்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது தங்க ஆப்பிள் நத்தை. தென் அமெரிக்காவில் இருந்த நத்தையை 1980ஐ ஒட்டித் தைவானுக்குச் சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்தார்கள். சாப்பிட ஆள் இல்லை. நத்தை வயலுக்குள் இறங்கிவிட்டது. 1990களில் மலேசிய வயல்களிலும் வந்து இளநாற்றைத் தின்னத் தொடங்கியது. 2010களில் தாய்லாந்துப் பக்கமிருந்து நத்தைகுத்தி நாரை கூட்டம் கூட்டமாக மலேசிய வயல்களுக்கு வந்தது. அதன் அலகு மேலும் கீழும் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விட்டிருக்கும். நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கவே வாய்த்த அலகு. மனிதன் செய்த வினைக்கு மருந்து போட அழைக்காமலே வந்த வைத்தியர் அது.

செம்பனையில் நம் தோழர் கூகை. ஆந்தை இனம். நமக்கு ஆந்தை என்றாலே ஆகாது. கூரையில் உட்கார்ந்து அலறினால் வீட்டில் யாருக்கோ ஆகாது என்று பாட்டிமார் சொல்வார்கள். மலாய்க்காரர்களும் அதைப் 'புரோங் ஹந்து' என்கிறார்கள். பேய்ப் பறவையாம். பேய் இல்லை ஐயா, எலி பிடிக்கிற தொழிலாளி. செம்பனைத் தோட்டத்தில் கூகை தின்பது ஏறக்குறைய எல்லாமே எலிதான். குஞ்சு வளர்க்கும் ஓர் இணை ஆண்டுக்குப் பல நூறு எலிகளைத் தின்றுவிடும். எலி பழக்குலையைக் கடித்தால் நட்டம் தோட்டத்துக்கு; பழம் குறைந்தால் சம்பளத்தில் நமக்கு. அதனால்தான் 1980களிலிருந்து தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்று கணக்கு. பெட்டிக்கு அடியில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். கையுறை போட்டுக்கொண்டு ஓர் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துப் பாருங்கள். எத்தனை எலி மண்டையோடு இருக்கிறது என்று எண்ணலாம். இதைவிட நல்ல அறிவியல் பாடம் எந்தப் புத்தகத்தில் உண்டு?

காக்கையைச் சொல்லாமல் விட்டால் காக்கை கோபித்துக்கொள்ளும். அமாவாசைக்குப் படையல் வைத்து நாம் கூப்பிடுகிற காக்கை இந்த நாட்டில் எப்படி வந்தது தெரியுமா? 1890களில் கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பியைப் புழு தின்றது. புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காக்கையைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அதே காலத்தில்தான் அதே கடலில் நம் பாட்டன்மாரும் கப்பலேறி வந்தார்கள். காப்பி போயிற்று, கித்தா வந்தது. கித்தா போயிற்று, செம்பனை வந்தது. இந்த நாட்டில் வாணிபத்துக்காகச் செம்பனை நட்ட முதல் தோட்டம் 1917இல் நம் குவாலா செலாங்கூர் வட்டாரத்தில்தான் தொடங்கியது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரே தமிழ்! வேலைக்காக அழைத்துவரப்பட்ட காக்கை பெருகிய பிறகு, பட்டணத்தில் ஆள் வைத்துச் சுட்டார்கள். பயன்பட்ட காலத்தில் வா என்பது, பிறகு தொல்லை என்பது. இதைக் கேட்கும்போது தோட்டத்து மனிதனுக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று உறுத்தத்தான் செய்யும். மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் இலக்கியத்தில் கொக்கு பெரிய ஆசிரியர். திருவள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளை, 490ஆம் குறளை, கொக்கை வைத்தே முடித்திருக்கிறார். காத்திருக்க வேண்டிய நேரத்தில் அசையாமல் இரு, வேளை வந்ததும் தவறாமல் செய் என்பது அதன் கருத்து. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் கொக்கை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், குறளின் பொருள் தானே விளங்கிவிடும்.

கொங்கணவர் கதையும் உங்களுக்குத் தெரியும். தவம் செய்த முனிவர் மேல் கொக்கு எச்சமிட்டது. அவர் கோபமாகப் பார்த்தார். கொக்கு எரிந்து சாம்பலாயிற்று. பிறகு வள்ளுவர் வீட்டு வாசலில் போய்ப் பிச்சை கேட்டார். கணவருக்குச் சோறிட்டுவிட்டு வாசுகி அம்மையார் சற்றுத் தாமதமாக வந்தார். முனிவர் அவரையும் முறைத்துப் பார்த்தார். என்னையும் கொக்கு என்று நினைத்துக்கொண்டீரோ என்று அம்மையார் கேட்டார். கற்பின் பெருமைக்கு இந்தக் கதையை ஆயிரம் மேடையில் சொல்லிவிட்டார்கள். நான் இன்று அந்தக் கொக்குக்காக ஒரு வார்த்தை கேட்கிறேன். அது என்ன பாவம் செய்தது? மரத்தில் இருந்தது, எச்சமிட்டது. அதற்கு மரண தண்டனையா? கதையைக் கூர்ந்து பார்த்தால், கொக்கை எரித்த கோபத்தை யாரும் மெச்சவில்லை. வாசலில் நின்ற முனிவர் அந்தக் கோபத்துக்காகத்தான் தலைகுனிந்தார். நம் மூன்று மரத்தின் வழக்கும் அதே எச்சத்து வழக்குதான்.

இனி நான் சொல்வது தாய்மார்கள் சிறப்பாகக் கேட்க வேண்டியது.

தோட்டத்தில் எலிக்கு மருந்து வைக்கிறோம். மருந்து தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலியைத்தான் கூகை எளிதில் பிடிக்கும். சிலவகை மருந்து எலியின் உடம்பிலேயே தங்கி, கூகையையும் கொன்றுவிடும். எலி பிடிக்கும் பறவையையே கொன்றுவிட்டு, மறுபடி எலிக்கு அதிக மருந்து வாங்குகிறோம். அதே போலத்தான் புல் மருந்தும். மருந்தடிக்கும் வேலையைப் பல காலமாகத் தோட்டங்களில் செய்துவந்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். முதுகில் தோம்பு, கையில் குழாய், வெயில். கிராமொக்சோன் என்று நீங்கள் சொல்வீர்களே, அதன் உள்ளிருக்கும் நஞ்சுக்குப் பெயர் பாராகுவாட். உள்ளே போனால் மாற்று மருந்து கிடையாது. அரசு அதை 2002இல் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து முழுத் தடை வந்தது. இடையில் எத்தனை ஆண்டு! எத்தனை பேருக்கு நகம் கறுத்தது, மூக்கில் இரத்தம் வந்தது! உங்களில் சிலருக்கு அது படித்துத் தெரிந்த செய்தி அல்ல, உடம்பால் தெரிந்த செய்தி.

ஏன் இதைக் கொக்குப் பேச்சில் சொல்கிறேன்? வாய்க்கால் தண்ணீரில் நின்று மீன் தின்னும் பறவைக்கும், அதே வாய்க்காலில் கைகால் கழுவும் நமக்கும் போய்ச் சேருவது ஒன்றே. வாய்க்காலில் தவளை குறைந்தால் கொக்கு குறையும். கொக்கு வராத வாய்க்காலைக் கண்டால், தண்ணீருக்கு என்ன வந்தது என்று நாம் கேட்க வேண்டும். பறவைக்கு வாயில்லை. நமக்கு இருக்கிறது.

நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் என்று ஓர் ஊர். ஏரி மரங்களில் ஆயிரக்கணக்கில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவ்வூர் உழவர்கள் அறிந்திருந்தார்கள். அங்கே துப்பாக்கியோடு வந்தவர்களைப் பற்றிக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இலேயே பறவைகளைக் காக்க உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். பெரிய படிப்பாளிகள் அல்லர். நம்மைப் போல மண்ணில் வேலை செய்தவர்கள். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி என்று ஒரு கிராமம். பக்கத்து வேட்டங்குடிக் கண்மாயில் பறவைகள் கூடு கட்டும். அவை அஞ்சி ஓடிவிடும் என்று அக்கிராமத்தார் தீபாவளிக்குக் கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. பல்லாண்டுகளாக இப்படி. தீபாவளிக்கு வெடி இல்லாமல் பிள்ளைகளைச் சமாளிப்பது என்ன பாடு என்று நமக்குத் தெரியும்! திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரை கூடு கட்டும். எச்சத்தையும் வாடையையும் பொறுத்துக்கொண்டு, வந்த விருந்து என்று இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. கூடு கட்டும் காலத்தில் வெள்ளைக் கொக்கின் முதுகில் நூல் போன்ற அழகிய இறகு முளைக்கும். சீமாட்டிகளின் தொப்பிக்கு அதைச் செருகுவது நாகரிகமாயிற்று. எடைக்கு எடை தங்கத்தைவிட விலை போனது. குஞ்சு கூட்டில் கத்தக் கத்தத் தாயைச் சுட்டார்கள். இதைப் பொறுக்காமல் 1889இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர்ப்புறத்தில் எமிலி வில்லியம்சன் என்ற அம்மையார் தோழியரைக் கூட்டி, இறகு அணிய மாட்டோம் என்று உறுதி எடுக்கச் செய்தார். அந்தச் சிறு சங்கம் வளர்ந்து, 1921இல் அந்நாட்டுக்குள் இறகு இறக்குமதியையே தடை செய்யும் சட்டம் வந்தது. ஓட்டுரிமைகூட இல்லாத காலத்தில் பெண்கள் தொடங்கிய வேலை. முப்பத்திரண்டு ஆண்டு காத்திருந்தார்கள், கொக்கைப் போலவே.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் போய், இப்போது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கொக்கு இனங்கள் பலவும் கூகையும் அதன் பாதுகாப்பில் உள்ளவை. கவட்டைக் கம்பில் ரப்பர் கட்டி அடிப்பது விளையாட்டு என்று நினைக்கும் பெரிய பையன்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சரி வாத்தியாரே, மரத்துக்கு என்ன வழி என்று கேட்கிறீர்கள். என் யோசனையைச் சொல்கிறேன்.

ஒன்று: வக்கா முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சு பறக்க ஏறக்குறைய பத்து வாரம் ஆகும். கூட்டில் குஞ்சு இருக்கும்வரை ஒரு கிளையையும் தொட வேண்டாம். எல்லாக் குஞ்சும் பறந்த பிறகு, வகுப்புக் கூரைக்கும் நடைபாதைக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை மட்டும் கழிப்போம். திடல் பக்கத்துக் கிளைகள் இருக்கட்டும். வேண்டிய அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வோம். அடுத்த முறை கூடு தானாகவே திடல் பக்கம் தள்ளிப் போகும். நிழலும் மிஞ்சும். மூன்று மரத்தையும் வெட்டிவிட்டால் மத்தியான வெயிலில் உடற்பயிற்சிக்குப் பிள்ளைகளை எங்கே நிறுத்துவது?

இரண்டு: மரத்தடியில் இருக்கும் சைக்கிள் கொட்டகையை எதிர்ப்புறம் மாற்றுவோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் போதும். தகப்பன்மார் நாலு பேர் வருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

மூன்று: காய்ந்த எச்சத்தை அப்படியே கூட்டக் கூடாது. தூசி மூக்கில் ஏறினால் உடம்புக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து, மூக்கைக் கட்டிக்கொண்டு கூட்ட வேண்டும். பிள்ளைகளை அந்த வேலைக்கு விட மாட்டோம். நானும் பள்ளி வேலையாளும் பார்த்துக்கொள்கிறோம். கூட்டியதை மட்க வைத்துப் பள்ளி வாழைக்குப் போடுவோம். வேடந்தாங்கல்காரர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாதா?

நான்கு: லயத்து வீடுகளில் எலிக்கு மருந்துக்குப் பதில் பொறி வையுங்கள். செத்த எலியைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல் குழி தோண்டிப் புதையுங்கள். கூரையில் கூகை உட்கார்ந்தால் கல் எறிய வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது, எலிக்குத்தான் ஆகும்.

ஐந்து: மாணவர்களுக்கு. நாளை முதல் வகுப்புக்கு ஒரு பறவைக் குறிப்பேடு. தேதி, இடம், என்ன பறவை, என்ன செய்தது, அவ்வளவுதான் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். தோட்டத்தில் நம் குடும்பங்கள் குறைந்துவருகின்றன. பட்டணம் போகிறவர்கள் போகிறார்கள். போக வேண்டியதுதான், வேலை அங்கே இருக்கிறது. போகிற இடத்தில் உன் ஊர் எது என்று யாராவது கேட்டால், பறவை ஆறு என்று சொல்லி, அங்கே என்னென்ன பறவை என்று பத்துப் பெயராவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொந்த ஊரைச் சொல்லத் தெரியாதவனுக்கு எந்தச் சான்றிதழும் முழுதாகப் பயன்படாது.

பெற்றோர்களே, பிள்ளைகளின் சட்டையில் எச்சம் விழுவது உங்களுக்கு வேலைதான். வேலை முடிந்து வந்து துவைக்கிற கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கட்டளையாகச் சொல்லாமல் வேண்டுகோளாக வைக்கிறேன். கேட்பது பத்து வாரம். அந்தப் பத்து வாரத்தில் நம் பிள்ளைகள், ஒரு தாய்ப்பறவை இரவு பகல் பாராமல் எப்படிப் பாடுபடுகிறது என்பதைத் தினமும் பார்ப்பார்கள். வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது அப்போது சிலருக்காவது உறைக்கும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த யோசனைகளை வாக்குக்கு விடுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். எல்லாரும் வாருங்கள். வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர்களும் வந்து சொல்லுங்கள். பேசித் தீர்ப்போம்.

பரிசு பெறும் செல்வங்களை வாழ்த்துகிறேன்.